சிம்பொனி கச்சேரிக்குப் போகுமுன்: காதைத் தயார் செய்வதும், ரசனை வகுப்பில் கேட்டுப் பெற வேண்டியதும்

கேள்வியின் சாரம் இது. சமூக சிம்பொனி இசைக்குழு ஒன்று அடுத்த மாதம் கச்சேரி வைத்திருக்கிறது. முதல் பாதியில் பீத்தோவனின் எக்மாண்ட் ஓவர்ச்சர் (நாடகத்துக்கு முன்னால் வாசிக்கும் தொடக்க இசை), மொஸார்ட்டின் கிளாரினெட் கன்செர்ட்டோ (ஒரு தனி வாத்தியமும் குழுவும் சேர்ந்து வாசிப்பது). இடைவேளைக்குப் பிறகு த்வோர்ஷாக்கின் 9ஆம் சிம்பொனி. அதையொட்டி வாரம் ஒன்றாக நான்கு ரசனை வகுப்புகள், ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம். கேட்பவருக்குக் கர்நாடக சங்கீதமும் சினிமாப் பாட்டும் பழக்கம், மேற்கத்திய சாஸ்திரிய இசை புதிது. வகுப்பில் சேர வேண்டுமா, எப்படித் தயாராவது, எங்கே உட்காருவது, எப்போது கைதட்டுவது, பத்து வயது மகளைக் கூட்டிப் போகலாமா என்று கேட்டிருக்கிறார்.

வகுப்பில் சேருங்கள், மகளையும் கூட்டிப் போங்கள். ஆனால் எந்த வகுப்பும் உங்களுக்காகக் கேட்டுத் தராது. கச்சேரிக்கு முன் த்வோர்ஷாக் சிம்பொனியை ஐந்து தடவையாவது முழுதாகக் கேட்டிருக்க வேண்டும். வகுப்புக்கு நேரமில்லாமல் போனாலும் இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

சிம்பொனியின் சுவை பெரும்பாலும் திரும்பி வருவதில் இருக்கிறது. ஒரு தீம் (அடிப்படை மெலடி) வரும், உடையும், துண்டு துண்டாக வேறு வாத்தியங்களுக்குப் போகும், பத்து நிமிடம் கழித்து முழு உருவில் வந்து நிற்கும். அது திரும்பி வருகிறது என்று தெரிய வேண்டுமானால் முதலில் வந்தது ஞாபகத்தில் இருக்க வேண்டும். 40 நிமிடத்துக்கு மேல் ஓடும் படைப்பை அரங்கில்தான் முதன்முறையாகக் கேட்கிறோம் என்றால் கடைசிவரை எல்லாமே புதிதாக வந்துகொண்டிருக்கும், கால் மணி நேரத்தில் மனம் அலையத் தொடங்கிவிடும். "எனக்கு இது புரியாது" என்று பலர் சொல்லிவிட்டு விலகுவது இந்த இடத்தில்தான். அங்கே குறைவது ஞானம் அல்ல, பழக்கம்.

கர்நாடக இசை கேட்ட காதுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ரசனை வகுப்பு எடுப்பவர்கள் இதைச் சொல்லமாட்டார்கள், ஏனென்றால் அவர்களுக்கு இது ஒரு சிக்கலாகவே தோன்றியிருக்காது. நமக்கு ஷட்ஜம் நகராது. தம்புரா வைத்த இடத்தில் கச்சேரி முடியும்வரை நிற்கும். சிம்பொனியில் ஷட்ஜம் நகரும், அந்த நகர்வை வைத்துத்தான் முழு அமைப்பும் கட்டப்பட்டிருக்கிறது. மத்யம சுருதிப் பாட்டுக்காகச் சுருதியை மாற்றி வைத்துக்கொள்வார்கள் அல்லவா, அதைப் பாட்டின் நடுவிலேயே, நிறுத்தாமல், சொல்லாமல் செய்தால் எப்படியோ அப்படித்தான் இங்கே கீ, அதாவது ஷட்ஜம் நிற்கும் இடம், மாறுகிறது. மொஸார்ட் கன்செர்ட்டோ ஏ மேஜரில், அதாவது ஏ என்ற ஸ்வரத்தை ஷட்ஜமாக வைத்து, தொடங்கும். தனி வாத்தியம் நுழைந்து கொஞ்ச நேரத்தில் இ மேஜருக்குப் போய்விடும், அதாவது பழைய பஞ்சமம் புதிய ஷட்ஜம். இரண்டுமே மேஜர், இரண்டுமே சங்கராபரண ஸ்வரங்கள். ஆனால் பஞ்சமத்திலிருந்து சங்கராபரணம் போட ஒரு ஸ்வரம் மாறியாக வேண்டும். பழைய ஷட்ஜத்திலிருந்து கணக்குப் பார்த்தால் சுத்த மத்யமம் போய்ப் பிரதி மத்யமம் வந்திருக்கும். அந்தப் பிரதி மத்யமம் அடிக்கடி தலைகாட்டத் தொடங்கினால் வீடு மாறப்போகிறது என்று பொருள்.

இதைக் காதில் பிடிக்க எளிய பயிற்சி ஒன்று உண்டு. தம்புரா ஆப்பில் 6 கட்டையை வையுங்கள், அது ஏ. மெல்லிய ஒலியில் அதை ஓடவிட்டு, மொஸார்ட்டின் முதல் மூவ்மெண்டை, அதாவது படைப்பின் முதல் பகுதியை, போடுங்கள். முதல் இரண்டு நிமிடம் பெரும்பாலும் ஒட்டும். நடுநடுவே ஓரிரு நொடி உரசும், உடனே விலகும். அது வெறும் கார்ட் (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) மாற்றம். உரசல் வந்து, போகாமல் நின்றால் கீ மாறிவிட்டது. தம்புராவை 3 கட்டைக்கு, அதாவது இ-க்கு, நகர்த்திப் பாருங்கள், ஒட்ட ஆரம்பிக்கும். மூவ்மெண்டின் பிற்பகுதியில் பழைய தீம் திரும்பும்போது 6 கட்டை மறுபடி பொருந்தும். இந்தப் பயிற்சியில் தவறு நேர்வது ஒரே இடத்தில்தான். பதிவுகள் எல்லாம் ஒரே சுருதியில் இருக்காது. ஏ என்பது 440 ஹெர்ட்ஸ் என்று சொன்னாலும் ஐரோப்பியக் குழுக்கள் பல 442, 443 வரை ஏற்றி வைப்பதுண்டு. பழங்கால வாத்தியங்களில் வாசித்த பதிவுகள் 430-ஐ ஒட்டி இறங்கியிருக்கும். ஆப்பின் நுண்சுருதியைத் திருகிப் பதிவோடு சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் முதல் நொடியிலிருந்தே உரசும். இரண்டு மூன்று தடவை செய்தால் போதும், பிறகு தம்புரா இல்லாமலே நகர்வு உறைக்கும்.

இனி கேட்கும் முறை. ஒரே பதிவைப் பிடித்துக்கொள்ளுங்கள். த்வோர்ஷாக்குக்கு செக் ஃபில்ஹார்மனிக்கை வைத்துக் கரேல் ஆன்செர்ல் 1961இல் செய்த பதிவு தெளிவானது, தடம் மாறாமல் ஓடுவது. வேறு எதுவும் இருக்கட்டும், ஆனால் முதல் நாலைந்து தடவை ஒரே பதிவாக இருக்கட்டும். போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். டபுள் பாஸின் கீழ்த்தந்தி 41 ஹெர்ட்ஸ், சின்ன ஸ்பீக்கரில் அந்த ஒலி வெளியே வரவே வராது, அடித்தளம் இல்லாத இசையைக் கேட்டுப் பழகிவிடுவீர்கள். ஹெட்ஃபோன் போதும். பயணத்தில் கேட்பதும் பலன் தராது. மெல்லிய இடங்கள் இரைச்சலில் மூழ்க, ஒலியைக் கூட்டுவோம், அடுத்த நொடி ட்ரோம்போன்கள் காதைக் கிழிக்கும்.

முதல் இரண்டு தடவை எதையும் படிக்காமல் கேளுங்கள். மூன்றாவது தடவை டபுள் பாஸையும் செல்லோவையும் மட்டும் பின்தொடருங்கள். மேலே போகும் மெலடியைத் தானாகவே கேட்டுவிடுவோம், கீழே நடப்பதைக் கவனித்தால்தான் கார்ட் எங்கே திரும்புகிறது என்று விளங்கும். நான்காவது தடவை ஸ்கோரோடு (எல்லா வாத்தியங்களுக்கும் எழுதியதை ஒன்றாகக் காட்டும் இசைப் பிரதி) கேளுங்கள். மூன்று இசையமைப்பாளர்களும் காலமாகி நூறாண்டுக்கு மேல் ஆகிவிட்டதால் பழைய பதிப்புகள் ஐஎம்எஸ்எல்பி (IMSLP) என்ற இசைப் பிரதி இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஸ்டாஃப் நொட்டேஷன் படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பக்கத்தின் மேலே புல்லாங்குழல் முதல் பசூன் வரை மரக்காற்று வாத்தியங்கள், நடுவே ஹார்ன், ட்ரம்பெட் முதலிய பித்தளை வாத்தியங்கள், அதன்கீழ் டிம்பனி என்ற முரசுகள், அடியில் ஐந்து வரிகளாக வயலின் முதல் டபுள் பாஸ் வரை. எந்த வரி கறுத்துக் கிடக்கிறது, எந்த வரி வெறுமையாக இருக்கிறது என்று பார்த்தாலே யார் வாசிக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். தொலைந்துபோனால் முதல் வயலின் வரியைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஐந்தாவது தடவை வேறொரு பதிவு. வேகமும் அழுத்தமும் எவ்வளவு மாறுகின்றன என்பது அப்போது தெரியும், சமூகக் குழு தன் வேகத்தில் வாசிக்கும்போது அதிர்ச்சி இருக்காது.

ஸ்வரம் எழுதத் தெரிந்தவர்களுக்கு இங்கே ஒரு சலுகை உண்டு. முக்கியமான தீம்களை ஸரிகமவில் எழுதி வாய்விட்டுப் பாடிப் பாருங்கள். த்வோர்ஷாக்கின் இரண்டாம் மூவ்மெண்டில் இங்கிலீஷ் ஹார்ன் (பெயர் ஹார்ன் என்றாலும் இது ஓபோ வகை மரக்காற்று வாத்தியம்) வாசிக்கும் மெலடியின் முதல் வரி "க ப ப, க ரி ஸ, ரி க ப க ரி". மோகனத்துக்குள் அடங்கிவிடுகிற வரி. ஒரு தடவை பாடிவிட்டால் வாழ்நாளுக்கும் மறக்காது. (இதைப் பழைய ஆன்மிக நாட்டுப்பாடல் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மெலடி த்வோர்ஷாக்குடையது, அதற்கு 1922இல்தான் வேறொருவர் வரிகள் எழுதினார்.)

இப்போது படைப்புகள். எக்மாண்ட் 8, 9 நிமிடம். ஸ்பானிய ஆட்சியை எதிர்த்து 1568இல் தலை வெட்டப்பட்ட பிரபுவைப் பற்றிய கெதேயின் நாடகத்துக்கு 1810இல் எழுதியது. முழுக் குழுவும் ஒரே ஸ்வரத்தை இழுத்துப் பிடித்துத் தொடங்கும், பிறகு தந்தி வாத்தியங்கள் கனமான கார்ட்களை இறக்கும். கீ எஃப் மைனர், மேஜரைவிட இருண்டு ஒலிக்கும் வகை. முடிவை நெருங்கும்போது வயலின்கள் உரக்க ஒரு ஸ்வரத்திலிருந்து கீழே விழும், உடனே மௌனம், பிறகு மரக்காற்று வாத்தியங்களின் மெல்லிய கார்ட்கள். பிரபுவின் மரணம் அந்த இடம் என்று பொதுவாகக் கொள்வார்கள். அங்கே கைதட்டிவிடாதீர்கள், அதன்பிறகுதான் எஃப் மேஜரில் வெற்றிப் பகுதி கிளம்புகிறது. பிக்கோலோ என்ற குட்டிப் புல்லாங்குழலின் கீச்சொலி எல்லார் தலைக்கும் மேலே கேட்கும்.

ஓவர்ச்சர் முடிந்ததும் வாசிப்பவர்களில் பலர் எழுந்து உள்ளே போய்விடுவார்கள். ஏதோ தகராறு என்று நினைக்க வேண்டாம். மொஸார்ட் இந்தக் கன்செர்ட்டோவுக்கு ஓபோ, ட்ரம்பெட், டிம்பனி எதையும் வைக்கவில்லை. இரண்டு புல்லாங்குழல், இரண்டு பசூன், இரண்டு ஹார்ன், தந்திகள் அவ்வளவுதான். ஓபோவின் கூர்மை இல்லாததால் கிளாரினெட்டைச் சுற்றி ஒலி மென்மையாகிறது. 1791 அக்டோபரில் முடித்தார், டிசம்பர் 5இல் இறந்துபோனார். நண்பர் ஆன்டன் ஸ்டாட்லருக்காக எழுதியது. ஸ்டாட்லரின் வாத்தியம் சாதாரணக் கிளாரினெட்டைவிடக் கீழே நீளும் பாசெட் கிளாரினெட். மூலக் கையெழுத்துப் பிரதி தொலைந்துவிட்டது, அச்சில் வந்தது சாதாரண வாத்தியத்துக்கு ஏற்ப மாற்றிய வடிவம். கீழ்நோக்கி ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சங்கதி திடீரென்று மேல் ஸ்தாயிக்குத் தாவினால் பெரும்பாலும் இந்த மாற்றத்தின் தழும்பு அது. தனி வாத்தியக்காரர் எந்தக் கிளாரினெட் வைத்திருக்கிறார் என்று பாருங்கள். பாசெட் என்றால் குழல் கண்ணுக்கே நீளமாகத் தெரியும்.

கன்செர்ட்டோவில் குழு சுமார் இரண்டு நிமிடம் வாசித்த பிறகே தனி வாத்தியம் நுழையும். அந்த இரண்டு நிமிடத்தில் வருவதை உறுதியாகப் பிடித்துக்கொண்டால் மீதி தானாக வரும். மூவ்மெண்ட் முடிவில் தனியாள் மட்டும் வித்தை காட்டும் நீண்ட காடென்சா பல கன்செர்ட்டோக்களில் இருக்கும், இதில் மொஸார்ட் வைக்கவில்லை. இரண்டாம் மூவ்மெண்டில் கிளாரினெட் ஒரு வரி சொல்ல, குழு அதையே நிறைத்துத் திருப்பிச் சொல்லும். அந்த மெலடி பிற்பாடு திரும்பி வருகிற இடத்தை நல்ல கலைஞர்கள் காதுக்கு எட்டும் எல்லையில் வாசிப்பார்கள். அந்த நேரத்தில் மிட்டாய்க் காகிதம் பிரிக்கிறவரை என்ன செய்வது என்பதற்கு இன்னும் தீர்வு கண்டுபிடிக்கப்படவில்லை.

த்வோர்ஷாக்கின் 9ஆம் சிம்பொனி அவர் அமெரிக்காவில் இருந்தபோது 1893இல் எழுதி, அதே ஆண்டு டிசம்பர் 16இல் நியூயார்க் கார்னெகி ஹாலில் அரங்கேறியது. திரும்பி வருதல் என்று மேலே சொன்னதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது. முதல் மூவ்மெண்டில், மெதுவான முன்னுரை முடிந்ததும் ஹார்ன்கள் கார்ட் ஸ்வரங்களில் ஏறி இறங்கும் ஒரு தீம் வாசிக்கும். அதை மனப்பாடமாக்குங்கள். இரண்டாம் மூவ்மெண்டின் உச்சத்தில் அது பித்தளையில் வெடிக்கும். மூன்றாம் மூவ்மெண்டில் எட்டிப்பார்க்கும். கடைசி மூவ்மெண்டில் முந்தைய மூன்றின் தீம்களும் வந்து சேர, அதுவும் அங்கே இருக்கும். இந்த ஒரு தீமைக் கையில் வைத்துக்கொண்டு போனாலே சிம்பொனியின் நான்கு பகுதிகளும் ஒன்றாகிவிடும்.

கண்டக்டர் செய்யக்கூடிய ஒரு மாற்றம் கேட்பவரைக் குழப்பும். முதல் மூவ்மெண்டின் முதல் பகுதியை மறுபடி வாசிக்கச் சொல்லி ஸ்கோரில் குறி இருக்கிறது. சிலர் வாசிப்பார்கள், சிலர் விடுவார்கள். வாசித்தால் மூவ்மெண்ட் ஏறத்தாழ 12 நிமிடம், விட்டால் 9. நீங்கள் பழகிய பதிவில் ஒன்றும் அரங்கில் இன்னொன்றும் நடந்தால் நடுவில் தடம் தப்பியதுபோல் இருக்கும். வகுப்பில் இதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் மூவ்மெண்ட் பித்தளையின் ஏழு கார்ட்களோடு தொடங்குகிறது. முந்தைய மூவ்மெண்ட் முடிந்த இ-யின் பக்கத்திலிருந்து கிளம்பி, வெகுதூரத்தில் உள்ள டி ஃப்ளாட் மேஜரில் கொண்டுபோய் இறக்கிவிடும். ஷட்ஜம் நகர்வதை இவ்வளவு குறுகிய நேரத்தில், இவ்வளவு அப்பட்டமாகக் காட்டுகிற இடம் வேறு தேடத் தேவையில்லை. தம்புரா பயிற்சி செய்தவர்களுக்கு இந்த ஏழு கார்ட்கள் தனி விருந்து. ட்யூபாவுக்கு முழு சிம்பொனியிலும் வேலை இந்த மூவ்மெண்டில் மட்டும்தான், அதுவும் சில ஸ்வரங்கள். மற்ற நேரம் அவர் சும்மா உட்கார்ந்திருப்பார். முடிவுக்கு அருகில் அந்த மோகன மெலடி ஒரு சில தந்தி வாத்தியங்களில் திரும்பும்போது நடுவில் அறுந்து அறுந்து நிற்கும். வாசிப்பவர்கள் தவறவிட்டுவிட்டார்கள் என்று அரங்கில் கிசுகிசுப்பு எழுவதுண்டு. இடைவெளிகள் எழுதியபடியே வாசிக்கப்படுகின்றன.

கடைசி மூவ்மெண்டில் சிம்பலுக்கு (உலோகத் தாளத் தகடு) ஒரே ஒரு தட்டு, அதுவும் உரக்க இல்லை. ஒன்றரை நிமிடம் தாண்டி, கிளாரினெட் தனியாகப் பாடத் தொடங்குவதற்குச் சற்று முன் வரும். சிம்பொனியின் கடைசிக் கார்ட் காற்று வாத்தியங்களில் நீண்டு, தேய்ந்து, கரைந்து போகும். ஆரவாரமாக முடியும் என்று எதிர்பார்த்து, கார்ட் விழுந்த உடனேயே கைதட்டுகிறவர்கள் அந்தத் தேய்வை அழித்துவிடுவார்கள்.

சமூக இசைக்குழு என்பதால் வேறு சில எதிர்பார்ப்புகளும் வேண்டும். பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு வாரம் ஒரு மாலை ஒத்திகைக்கு வருகிறவர்கள் இவர்கள். தொழில்முறைப் பதிவில் கேட்ட பளபளப்பு இருக்காது. எங்கே, ஏன் சறுக்கும் என்று தெரிந்தால் அந்தச் சறுக்கலும் ஒரு பாடமாகும். பெரிய தொழில்முறைக் குழுவில் முதல் வயலின் மட்டும் 16 பேர் இருப்பார்கள். சமூகக் குழுவில் 8 முதல் 12 பேர் கிடைத்தால் பெரிது, வியோலாவும் டபுள் பாஸும் எப்போதும் தட்டுப்பாடு. ஆனால் த்வோர்ஷாக் கேட்கும் பித்தளைக்காரர்கள் 10 பேரும் வந்தே ஆக வேண்டும்: 4 ஹார்ன், 2 ட்ரம்பெட், 3 ட்ரோம்போன், 1 ட்யூபா. விளைவு, உரக்க வாசிக்கும் இடங்களில் தந்திகள் மூழ்கிவிடும். விவரமான கண்டக்டர் பித்தளையை எழுதியதைவிட ஒரு படி தணித்து வாசிக்கச் சொல்வார்.

ஹார்ன் பிசிறுவது அடிக்கடி கேட்கும். அதற்குப் பயிற்சிக் குறைவு மட்டும் காரணம் இல்லை. எஃப் ஹார்னைச் சுருள் பிரித்தால் குழாய் மூன்றரை மீட்டருக்கு மேல் நீளும். அவ்வளவு நீளக் குழாயில் மேல் ஸ்தாயி ஸ்வரங்கள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக அடுக்கியிருக்கும், உதடு இம்மி பிசகினால் பக்கத்து ஸ்வரம் பேசிவிடும். பழுத்த தொழில்முறைக் கலைஞர்களுக்கும் நடப்பதுதான். வயலின்கள் மேல் ஸ்தாயியில் ஏறும்போது சுருதி பிரிவதும், ஒலி கூடக்கூட வேகமும் தன்னையறியாமல் கூடுவதும் மற்ற இரண்டு பொதுவான குறைகள். பித்தளை சற்றுப் பின்தங்கி ஒலித்தால் அதற்குத் தூரம் ஒரு காரணம். மேடையின் பின்வரிசைக்கும் முன்வரிசைக்கும் 12 மீட்டர் இடைவெளி என்றால் ஒலி கடக்க ஏறத்தாழ 35 மில்லிசெகண்ட் ஆகும். முன்னால் கேட்கிற வயலினோடு சேர்ந்து வாசித்தால் அரங்கில் தாமதமாகவே கேட்கும். கண்டக்டரின் கோலைப் பார்த்து, காதை நம்பாமல் வாசிக்க வேண்டும், அது எளிதில் வராத பழக்கம். அரங்கு சூடேறினால் காற்று வாத்தியங்களின் சுருதி ஏறும், தந்திகள் இறங்கப் பார்க்கும். அதனால்தான் இடைவேளைக்குப் பிறகு ஓபோ ஏ கொடுக்க, மறுபடி சுருதி சேர்க்கிறார்கள்.

இவ்வளவு குறை சொன்னதால் தரம் மட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். பதிவு எதுவும் தராத ஒன்று நேரில் கிடைக்கும். எட்டு செல்லோவும் நான்கு டபுள் பாஸும் ஒரே அறையில் அதிர்வதை ஹெட்ஃபோன் காட்டாது, அந்தக் கீழ்ஸ்தாயி அதிர்வு நாற்காலி வழியாக வரும்.

வகுப்பைப் பற்றி. நான்கு வகுப்பு என்றால் ஆறு மணி நேரம். மூன்று படைப்புகளும் சேர்ந்து ஏறத்தாழ 80 நிமிடம். ஆறு மணி நேரத்தில் பாதியைக் கேட்பதற்கு ஒதுக்கினால்கூட ஒவ்வொன்றையும் இரண்டு தடவைக்கு மேல் நிறுத்தி நிறுத்திக் கேட்கலாம். முதல் வகுப்பில் பரோக் காலம் தொடங்கி இருபதாம் நூற்றாண்டு வரை வரலாறு ஓடினால், இரண்டாம் வகுப்பில் பீத்தோவனின் காது கேளாமையும் மொஸார்ட்டின் கடனும் பேசப்பட்டால், அது வாழ்க்கை வரலாற்று வகுப்பு. சுவாரசியமாக இருக்கும், கச்சேரிக்கு உதவாது. சேருமுன் ஒருங்கிணைப்பாளரிடம் கேளுங்கள்: நிகழ்ச்சியில் உள்ள படைப்புகளையே வகுப்பில் பிரித்துக் காட்டுவார்களா? குழுவில் வாசிக்கும் யாராவது வாத்தியத்தோடு வருவார்களா? கடைசி ஒத்திகையில் உட்கார அனுமதி உண்டா? மூன்றாவதற்கு ஆம் என்றால் மற்ற இரண்டுக்கும் இல்லை என்றாலும் சேரலாம். ஒத்திகையில் கண்டக்டர் நிறுத்தி, "வியோலா மட்டும்" என்று தனியாக வாசிக்கச் சொல்வார். கலவையில் இதுவரை கேட்காத குரல் அப்போது காதில் விழும், பிறகு கச்சேரியில் அதைத் தவறவே விடமாட்டீர்கள். தனி வாத்தியக்காரர் பெரும்பாலும் கடைசி ஓரிரு ஒத்திகைக்குத்தான் வருவார் என்பதால் மொஸார்ட்டை அதற்கு முன் கேட்கக் கிடைப்பது சந்தேகம்.

சொனாட்டா வடிவம் என்று வகுப்பில் ஒரு வரைபடம் போடுவார்கள்: தீம்களை அறிமுகம் செய்யும் பகுதி, அவற்றைக் குலைத்து ஊர் ஊராக அலையவிடும் பகுதி, மறுபடி கூட்டிவரும் பகுதி. இது இரண்டாவது தீமின் ஷட்ஜத்தைப் பற்றிய வரைபடமும்கூட. மொஸார்ட்டில் முதல் தடவை அது வெளியூர் கீயில் வரும், திரும்பும்போது சொந்த ஊர் கீயில் வரும். த்வோர்ஷாக்கின் முதல் மூவ்மெண்ட் இந்த வழக்கத்தை மீறுகிறது. ஜி மைனரில் வந்த இரண்டாவது தீம் திரும்பும்போது இ-க்கு வராமல், அரை ஸ்வரம் ஏறி ஜி ஷார்ப் மைனரில் வரும். ஏன் என்று வகுப்பில் கேளுங்கள். நல்ல ஆசிரியர் பியானோவில் உட்கார்ந்து இரண்டையும் வாசித்துக் காட்டுவார்.

இருக்கை. முதல் நாலைந்து வரிசை வேண்டாம். முதல் வயலினின் வில் உரசல் கேட்கும், செல்லோக்காரரின் ஷூ தெரியும், பின்னால் இருக்கும் மரக்காற்று வாத்தியங்கள் கண்ணுக்கும் காதுக்கும் மறைந்துவிடும். தரைத்தளத்தில் நடுப்பகுதி நல்லது, பால்கனி இருந்தால் அதன் முதல் வரிசை அதைவிட நல்லது. யார் வாசிக்கிறார்கள் என்று மேலிருந்து பார்க்கலாம், புதிதாகக் கேட்பவருக்குக் கண் பாதி காது. பால்கனிக்கு அடியில் ஆழமாகப் போகும் இருக்கைகளில் ஒலி மங்கும். மேடைக்குப் பின்னால் இருக்கை விற்றால் கண்டக்டரின் முகம் தெரியும், ஆனால் ஹார்னின் வாய் பின்பக்கம் பார்ப்பதால் நான்கு ஹார்னும் உங்களை நோக்கியே வாசிக்கும்.

கைதட்ட மூன்றே இடம்: ஓவர்ச்சர் முடிந்ததும், கன்செர்ட்டோவின் மூன்று மூவ்மெண்டும் முடிந்ததும், சிம்பொனியின் நான்கும் முடிந்ததும். கலைஞர்கள் மேடைக்கு வரும்போது தட்டுவது தனிக் கணக்கு. எண்ணிக்கை குழம்பினால் கண்டக்டரின் கைகளைப் பாருங்கள், கீழே இறங்கி அவர் திரும்பும்வரை பொறுங்கள். யாராவது மூவ்மெண்டுக்கு நடுவே தட்டினால் முறைக்க வேண்டாம். 1813இல் பீத்தோவனின் 7ஆம் சிம்பொனி அரங்கேறியபோது இரண்டாம் மூவ்மெண்டைக் கைதட்டி மறுபடி வாசிக்க வைத்தார்கள். இந்த மௌன விரதம் பிற்பாடு வந்தது. நேரத்துக்கு முன்பே போய்விடுங்கள். தாமதமாக வந்தால் ஓவர்ச்சர் முடியும்வரை வெளியே நிற்க வேண்டியிருக்கும், எக்மாண்ட் போச்சு.

மகள். பத்து வயதுக்கு இந்த நிகழ்ச்சி தாங்கும், வெறுமனே கூட்டிப் போனால் தாங்காது. வாத்தியங்களைப் பிரித்தறிய இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டனின் "இளையோருக்கான ஆர்கெஸ்ட்ரா வழிகாட்டி" என்ற படைப்பைப் போட்டுக் காட்டுங்கள். 17 நிமிடம்போல் ஓடும். ஒரே தீமை ஒவ்வொரு வாத்தியமும் எடுத்து வாசித்து, கடைசியில் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். பிறகு சிம்பொனியில் கண்டுபிடிக்க மூன்று வேலைகள் கொடுங்கள்: ட்யூபாக்காரர் எப்போது வாயில் வைக்கிறார், சிம்பல் எப்போது ஒரு தட்டுத் தட்டுகிறது, ஹார்ன் தீம் எத்தனை தடவை திரும்புகிறது. மூன்றாவது பெரியவர்களுக்கே கடினம், எண்ணிக்கை ஒத்துப்போகாவிட்டால் வீட்டுக்கு வந்து ஸ்கோரில் சரிபார்க்கலாம். நடைபாதை ஓர இருக்கையாக வாங்குங்கள். முதல் பாதியில் பசியும் இரண்டாம் பாதியில் தூக்கமும் வரும், இடைவேளையில் இரண்டையும் கவனித்துவிடுங்கள். இருந்தும் முடியவில்லை என்றால் வாசித்துக்கொண்டிருக்கும்போது எழுந்து போகாமல் மூவ்மெண்டுகளுக்கு இடையே போங்கள். இரண்டாம் மூவ்மெண்ட் முடிந்ததும் பெரும்பாலும் கொஞ்சம் நீண்ட இடைவெளி விழும், சில குழுக்கள் அங்கே மறுபடி சுருதி பார்க்கும். ஆனால் சிம்பல் தட்டு கடைசி மூவ்மெண்டில் இருக்கிறது என்று முன்பே சொல்லி வைத்திருந்தால் அவளே கிளம்ப மறுக்கக்கூடும்.